இரண்டு நீலப் பிடிகள்

“சி பிளாக் சார் மறுபடியும் சிரிக்கிறாருக்கா, பாத்தியா?”

லிஃப்ட் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அது. சி பிளாக் சார் என்றது என் அப்பாவை. என்னிடம் சொன்னதல்ல. நான் குப்பைப் பையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அது காதில் விழாமல் இருந்திருந்தால் நான் இந்த விளையாட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

இல்லை, இல்லை, உங்கள் மட்டையை அங்கே வைக்காதீர்கள். முதல் கட்டத்தில் வேண்டாம். இடம் இருக்கிறதுதான், தெரியும். மூன்றாவது கட்டத்தில் வையுங்கள். சொல்கிறேன், உட்காருங்கள்.

நீங்கள்தானே பி-304க்குப் புதிதாக வந்திருப்பவர்? செக்யூரிட்டி சொன்னார். என் வயதுதான் இருக்கும் போல. நான் யாமினி, சி-201. நானும் அப்பாவும். பொதுவாக நான் இவ்வளவு பேசுகிற ஆளில்லை. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கே என் குரல் ஞாபகமிருக்குமா என்று தெரியாது. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் 304இல் இருக்கிறீர்கள். எப்படியும் யாராவது எதையாவது சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் இந்த ஸ்டாண்டைப் புரிந்துகொள்ளுங்கள். எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தில் இரண்டு மட்டை. ஒரே கட்டத்தில் வைத்தால் அவர்கள் ஜோடி. முதல் இரண்டு கட்டத்துக்காரர்கள் முதலில் இறங்குவார்கள். யார் யாரோடு என்று இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, மட்டையைப் பார்த்தால் போதும். இன்னொன்று, அடுத்தவர் மட்டையைத் தொடக் கூடாது. உங்கள் ஜோடியின் மட்டையை மட்டும் நீங்கள் வைக்கலாம், எடுக்கலாம். செயலாளர் தங்கராசு சார் இதை போர்டில் எழுதியே மாட்டியிருக்கிறார், பாருங்கள். நாய்க்கு வாய்மூடி போடுவது, லிஃப்டில் சைக்கிள் ஏற்றுவது, அதற்கெல்லாம் விதி எழுதி ஒருவரும் மதித்ததில்லை. இதை மட்டும் எல்லாரும் மதிப்பார்கள்.

அப்பாவுக்கு இந்த மட்டையை வாங்கிக் கொடுத்தது நான்தான். அதை மறந்துவிடாதீர்கள். போன ஆடிக்கு முந்தின ஆடியில் அம்மா இறந்தார்கள். அப்பா மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அணைத்து வைத்த டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். மீட்டிங்கில் இருக்கும்போது கதவிடுக்கில் பார்த்தால் அப்பாவின் தலை தெரியும், டிவிக் கண்ணாடியிலும் அப்பாவின் தலை தெரியும். தை மாசத்தில் இந்த பிக்கிள்பால் கோர்ட் போட்டார்கள். டென்னிஸ் மாதிரி ஓட வேண்டாம், சின்ன கோர்ட், பிளாஸ்டிக் பந்து, முழங்கால்காரர்களும் ஆடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றைக்கே ஒரு மட்டையை ஆர்டர் போட்டேன். “போய் நாலு பேரோட இருந்துட்டு வாங்கப்பா” என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

நாலு பேரோடு என்றுதான் சொன்னேன்.

சித்திரையில் அந்தப் பெண்கள் பேசியதைக் கேட்ட மறுநாள் காலையில் பால்கனியில் வந்து நின்றேன். எங்கள் பால்கனியிலிருந்து கோர்ட் பாதி தெரியும். அப்பா இருந்த பாதி தெரிந்தது. பக்கத்தில் ஒரு அம்மா, சுடிதார் மேல் டி-ஷர்ட், வெள்ளை ஷூ, நரைத்த முடியை அப்படியே வெட்டி விட்டிருந்தார்கள். வலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழடிக்கு கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் விழாத பந்தை அடிக்கக் கூடாது. அப்பா ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஓடிப்போய் அடித்தார்.

“சார், கிச்சன்! கிச்சன்!” என்று அந்த அம்மா கத்தினார்கள். இரண்டாவது மாடிக்குக் கேட்டது. “வீட்டுல எட்டிப் பாக்காதவரு இங்க மட்டும் ஓடி ஓடி நொழையறாரு பாருங்க!”

கோர்ட்டே சிரித்தது. அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என் அம்மா இருந்தபோது அப்படிச் சிரித்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்திருப்பார். எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்பா வீட்டில் சமையலறைக்குள் போனதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது எங்கள் வீட்டு விஷயம். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லியிருந்தால்தானே தெரியும். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பெயர் சுலோச்சனா. கல்லூரி நூலகராக இருந்தவர்கள். கணவர் போய்ப் பத்து வருடம். மகள் ஓசூரில். நீங்கள் இப்போது இருக்கிற வீட்டில்தான் தனியாக வாடகைக்கு இருந்தார்கள். ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று தங்கராசு சார் ஒருமுறை கேட்டதற்கு, “முப்பது வருசம் ‘சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க’ன்னே சொல்லிட்டு இருந்தனுங்க. பாக்கி எல்லாம் இப்பத்தான் வெளிய வருது” என்றார்களாம். அப்பா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொன்னார்.

நானும் ஒரு மட்டை வாங்கினேன். அப்பாவோடு ஆட ஆள் வேண்டாமா?

எனக்கு விளையாட்டே வராது. பள்ளியில் பீ.டி. பீரியடில் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தவள். முதல் பத்து நாள் பந்து என் மட்டையில் பட்டதை விடத் தோளில் பட்டதுதான் அதிகம். சர்வ் இடுப்புக்குக் கீழிருந்து போட வேண்டும். என்னுடையது வலைக்கே போகாது. ஆனால் அது கூடப் பரவாயில்லை. கத்த வேண்டும், அதுதான் முடியவில்லை. சர்வ் போடுவதற்கு முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்று எண். நம்முடையது, அவர்களுடையது, நாம் முதல் ஆளா இரண்டாவது ஆளா என்பது. சொல்லாமல் போட்டால் செல்லாது. ஏழு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து சுலோச்சனா மேடம் சொல்வார்கள், “ஸீரோ, ஃபோர், ஒன்! போடுங் கண்ணு.” எதிராளி அவர்கள், அப்பாவின் ஜோடி. என் ஸ்கோரை அவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. நான் சர்வ் போடும்போதெல்லாம் அவர்களே சொன்னார்கள், ஏதோ எனக்கு வாயே இல்லாத மாதிரி. என் பந்து வலையில் விழுந்தால் “அட, காத்துதாங் கண்ணு” என்பார்கள். காற்றே இருக்காது.

இன்னொரு விதி இருக்கிறது. நீங்களும் முதலில் இதில்தான் தடுமாறுவீர்கள். சர்வ் போட்டதும் பந்து அந்தப் பக்கம் ஒருமுறை தரையில் விழ வேண்டும், திரும்பி வந்து இந்தப் பக்கமும் ஒருமுறை விழ வேண்டும். அதுவரை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. நான் அவசரப்பட்டுப் பாய்ந்துவிடுவேன். “பொறுங் கண்ணு, விழட்டும். விழுந்துட்டு எந்திரிக்கும், அப்ப அடிங்க” என்பார்கள். எனக்குப் பொறுக்காது.

நான் அதிகம் பேசமாட்டேனே தவிர, கண்ணில் படாமல் எதுவும் போகாது. ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் வலைக்கு வந்து மட்டையோடு மட்டையைத் தட்டிக்கொள்வார்கள், கை குலுக்குவது மாதிரி. சுலோச்சனா மேடம் எல்லாரோடும் ஒருமுறை தட்டுவார்கள். அப்பாவோடு இரண்டு முறை. டக், டக். ஒருநாள் மட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனி முழுக்கப் பார்த்தேன்.

ஆனிக் கடைசியில் ஒருநாள் அப்பா சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“யாமு, ஞாயித்துக்கெழமை சுலோச்சனா மேடத்தைச் சாப்பிடக் கூப்பிடலாமா?”

“அம்மா தெவசம் வருதுப்பா” என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். ஆடியில்தானே முதல் தெவசம். அப்பா “ஆமா, ஆமா” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். தெவசம் முடிந்தது. மறுபடியும் அவர் கேட்கவில்லை. அவ்வளவு வேண்டும் என்றால் கேட்டிருப்பாரே? அவருக்கே வேண்டாம் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வீர்கள்.

என் அம்மாவுக்காக யாராவது இருக்க வேண்டும் இல்லையா. அம்மாவின் புடவைகள் இன்னும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. வாரம் ஒருமுறை நான்தான் காற்றாட வைக்கிறேன். பெரியம்மா இரண்டு வரன் கொண்டுவந்தார்கள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான்தான் வேண்டாம் என்றேன். அப்பா போகச் சொன்னார். “நான் பாத்துக்கறேன்டா, நீ போய் உன் வாழ்க்கையைப் பாரு” என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார்? காபி கூடப் போடத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஐந்து மணிக்கே விழித்துப் பார்த்தால் ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு கீழே போனார்.

ஆவணியில்தான் அது நடந்தது. அப்பாவின் மட்டைப் பிடியில் சுற்றியிருந்த பட்டை பிய்ந்துபோயிருந்தது. வியர்வையில் வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் புதுசு ஆர்டர் போடுகிறேன் என்றேன். அதற்குள் சுலோச்சனா மேடம் மட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். “புஸ்தகத்துக்கு அட்டை போட்ட கையிங்க இது, குடுங்க” என்று.

மறுநாள் காலையில் ஐந்தே முக்காலுக்கு நான் கீழே வந்தேன். அப்பா அப்போதுதான் நடக்கப் போயிருந்தார், மூன்று சுற்று முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வருவார். மேடமும் பூங்கா ஓரம் நடந்துகொண்டிருந்தார்கள். இங்கே ஒருவரும் இல்லை. ஸ்டாண்டில் முதல் கட்டத்தில் இரண்டு மட்டை. ஒன்று அப்பாவுடையது, ஒன்று அவர்களுடையது. இரண்டுக்கும் புதுப் பட்டை. இரண்டும் ஒரே நீலம். அவ்வளவு சீராக, ஒரு மடிப்பு இல்லாமல், ஓரத்தில் சின்னதாக நூல் கட்டி. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது.

நான் சுலோச்சனா மேடத்தின் மட்டையை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் வைத்தேன். என்னுடையதை அப்பாவுடையதோடு வைத்தேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு மட்டையை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி சொல்லவில்லை. தங்கராசு சாரின் போர்டில் எழுதியிருப்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது, ஆனால் எடுத்த பிறகு.

அப்பா பார்த்திருக்க மாட்டார். அவர் நீச்சல்குளத்துப் பக்கம் இருந்தார். அங்கிருந்து ஸ்டாண்ட் தெரியும்தான். ஆனால் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தார். ஆனாலும் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் மேடம்தான் வந்தார்கள். முதல் கட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் தங்கள் மட்டையைக் கண்டார்கள். உங்களுக்குப் புரியும், இங்கே ஜோடி மட்டையை ஜோடிதான் எடுக்கலாம். அப்பாதான் எடுத்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார்.

“பொண்ணுகூட ஆடறீங்களா சார்?” என்றார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் மெதுவாகப் பேசிக் கேட்டேன். “நல்லதுங்க.”

அப்பா முதல் கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆமா மேடம்” என்றார்.

பாருங்கள், அவரே சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் நான்தான் இரண்டு மட்டையையும் கீழே கொண்டுவந்தேன். சுலோச்சனா மேடம் இரண்டு வாரம் வந்தார்கள். தங்கராசு சாரோடு ஆடினார்கள். கத்தவில்லை. நான் சர்வ் போட நிற்கும்போது வாய் திறக்க வருவார்கள், பிறகு மூடிக்கொள்வார்கள். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்கள். புரட்டாசியில் ஓசூருக்கு மகளிடம் போகப்போவதாக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். அப்பா ஒன்றும் போடவில்லை.

போவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். கையில் ஒரு காகிதப் பை. அதில் மிச்சமிருந்த நீலப் பட்டைச் சுருள்.

“அடிக்கடி மாத்தோணுங் கண்ணு, இல்லாட்டி கை வழுக்கும். அப்பாகிட்டக் குடுத்துருங்க” என்றார்கள். பிறகு, “சார் ஏதாச்சும் சொன்னாருங்களா? என்னால ஏதாவது தப்பு நடந்துருச்சா?” என்றார்கள்.

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லையே.”

“சார் இருக்காருங்களா?”

“குளிச்சிட்டு இருக்கார்” என்றேன்.

உள்ளே செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீடு சின்ன வீடு. மேடம் என் தோளுக்கு மேலே ஒருமுறை பார்த்தார்கள். கண்ணில் ஏதோ வந்தது, அதற்குள் சிரித்துவிட்டார்கள்.

“சரிங் கண்ணு. ஸ்கோரைச் சத்தமாச் சொல்லுங்க, என்ன? உங்களுக்கு நல்ல கொரலு.”

படியில் இறங்கிப் போனார்கள். லிஃப்ட் எங்கள் மாடியிலேயேதான் நின்றுகொண்டிருந்தது.

நான் உள்ளே வந்தேன். அப்பா மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “யாருடா?” என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “பால் வாங்கணுமா?” என்றார்.

அப்பா என்னை ஒருநாளும் திட்டியதில்லை. அதற்குப் பிறகும் திட்டவில்லை. ஆட வந்தார். நல்ல ஷாட் அடித்தால் “குட்” என்றார். கிச்சனுக்குள் ஒருமுறை கூட நுழையவில்லை. கோட்டைத் தொடாமல் நின்று ஆடினார். எனக்கும் ஆட்டம் வந்துவிட்டது. ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டு கோர்ட்டைத் துடைத்துவிட்டு ஆடினோம். பந்தைக் கையில் எடுத்தேன். என்னை அறியாமல் குரல் வந்துவிட்டது. “டென், செவன், டூ!” பி பிளாக் பால்கனியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தம். சர்வ் போட்டேன். ஜெயித்தோம். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“நல்லா சத்தமாச் சொல்றே” என்றார்.

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பி பிளாக் மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பால்கனி அப்போது காலி. கொடிக்கயிறு மட்டும் இருந்தது.

வலைக்கு வந்து மட்டை தட்டினோம். என்னோடு ஒருமுறை தட்டினார்.

லிஃப்ட் பக்கம் துடைக்கிற அந்தப் பெண்கள் இப்போது எங்களைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நானும் சில நாள் படியில் மெதுவாக இறங்கிப் பார்த்தேன். அந்த நீலச் சுருள் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். எப்போது கொடுத்தாலும் ‘இது எப்போ வந்தது’ என்று கேட்பாரே. கேட்கமாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம். ஓசூருக்கு இங்கிருந்து ஆறு மணி நேரம் போல ஆகும், பார்த்து வைத்திருக்கிறேன். சும்மாதான் பார்த்தேன்.

முதல் கட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அது போன திங்கட்கிழமை.

எனக்கு வேலையில் ஒரு அழைப்பு வந்து கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அப்பாவின் மட்டை வீட்டில் மாட்டின இடத்தில் இல்லை. அவரே எடுத்துக்கொண்டு போயிருந்தார். நான் ஓடி வந்தேன். தங்கராசு சார், இன்னும் ஐந்தாறு பேர், எல்லாரும் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும்தான். முதல் கட்டத்தில் அவர் மட்டை மட்டும் இருந்தது. நீலப் பட்டை நைந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வழக்கம் போல என் மட்டையை அதன் பக்கத்தில் வைத்தேன்.

அப்பா எழுந்தார். எல்லாரும் பார்க்க ஸ்டாண்டுக்கு வந்தார். என் மட்டையை எடுத்தார். ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிப் போய்க் கடைசிக் கட்டத்தில் வைத்தார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.